அப்பாவின் எண்ணெய்க்குச்சி

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து என் மகன் கூப்பிட்டான். சுகம் விசாரித்தான், மாத்திரை விசாரித்தான், பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா, மாசா மாசம் எண்ணெய் கூடிக்கிட்டே போவுதே, எங்க போயிட்டு வாரீங்க?" என்று கேட்டான். என் காருக்கு எண்ணெய் ஊற்றும் அட்டை அவன் பெயரில் இருக்கிறது. நான் பெட்ரோல் ஸ்டேஷனில் ஊற்றும்போதெல்லாம் அது அவன் கைப்பேசிக்குத் தெரிந்துவிடுகிறது.

நான் எங்கும் போவதில்லை. அது நடைத் தோழிகளான உங்களுக்கே தெரியும். காலையில் உங்களோடு பூங்காவில் நடக்கிறேன். அப்புறம் மார்க்கெட், கிளினிக், வெள்ளிக்கிழமை என்றால் கோயில். கார்தான் என்னைப்போலக் கிழடு தட்டிவிட்டது. அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மகன் அக்கறையில்தான் கேட்டான். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே சொற்களில், நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் சாயங்காலமானால் எழும். கேட்டவர் அப்பா. பதில் சொல்ல வேண்டியிருந்தவள் அம்மா.

அந்த ஒரு பருவத்தை மட்டும் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ரப்பர் மரங்கள் இலை கொட்டி நின்றபோது தொடங்கி, கொட்டைகள் வெடித்துச் சிதறும் நாட்களில் முடிந்த பருவம்.

அப்பா தோட்டத்து லோரி டிரைவர். ஈப்போவிலிருந்து தெற்கே போகும் சாலையில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். இன்று அந்தப் பக்கம் போனால் பாதி செம்பனை, பாதி வரிசை வீடுகள். தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது. அப்போது அப்பா முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு ஓட்டிப் போவார். எங்கள் லயத்தில் அவருக்குத் தனி மரியாதை இருந்தது. கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அவர்தான், திருவிழாவுக்குச் சாமியை ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

ஒரு நாள் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த இடத்தில் அவருக்கு வலிப்பு வந்தது. கொஞ்ச காலம் கழித்து மறுபடியும் வந்தது. இனிமேல் எந்த வண்டியிலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரக் கூடாது என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்து ஆபீசில் லோரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேலை போனதும் வேலைக்காகக் கொடுத்த வீடும் போயிற்று.

நாங்கள் ஈப்போவின் ஓரத்தில், ஒரு சீனர் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளிக்கூடம் தோட்டத்தையும் தாண்டி ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தது. நானும் அங்கேதான் படித்தேன். இரண்டு பஸ் மாறி, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு, காலையில் நின்றுகொண்டே போவோம். அம்மாவின் கால் வீங்கிவிடும். கடைசியில் அம்மாவே கார் ஓட்டப் பழகுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அப்பாதான்; அதை நான் அவருக்கு நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அம்மா பயந்தாள். அப்பாதான், "லைசன் எடு, ஒன்னும் ஆவாது," என்று தள்ளிவிட்டார்.

காரையும் அவரே பார்த்து வாங்கினார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடைய கார். அவருடைய மகன் அதை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டுப்போனார். மிகச் சின்ன கார். பால் அதிகமாக விட்ட தேநீரின் நிறம். சிவப்பு ரெக்சின் சீட் வெடித்து, உள்ளிருந்து பஞ்சு எட்டிப்பார்க்கும். வெயிலில் நின்றால் உள்ளே பழைய செருப்புக்கடை வாசம் வரும். மைல் காட்டும் முள் செத்துக் கிடந்தது. எண்ணெய் காட்டும் முள்ளோ தொட்டி நிறைந்தாலும் காய்ந்தாலும் பாதியிலேயே நிற்கும்.

அம்மா லைசன் எடுத்து முடிப்பதற்குள் மழையும் வெயிலுமாக நாட்கள் போயின. கார் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. முற்றம் கால்வாய்ப் பக்கம் சரிவு. அதனால் ஹேண்ட்பிரேக்கை மேலே வரை இழுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. தினமும் தானே போய் இன்னும் ஒரு பல் இழுத்துவிட்டு வருவார்.

முள்ளைச் சரி செய்யலாமே என்று அம்மா சொன்னதற்கு, முள் எதற்கு, எனக்குத் தெரியாத ரோடா, என்று அப்பா கேட்டார். உண்மைதான். எந்தத் திருப்பத்திலிருந்து எந்தத் திருப்பத்துக்கு எவ்வளவு தூரம், எங்கே மேடு, எங்கே கியர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் உடம்பிலேயே இருந்தது. எண்ணெயை அளக்க அவர் ஒரு குச்சி செய்தார். மெல்லிய மூங்கில் சீவலைக் கண்ணாடித் துண்டால் வழுவழுப்பாக்கி, பிளேடால் கோடுகள் வெட்டினார். பெட்ரோல் நொடியில் காய்ந்துவிடும், ஈரம் நிற்காது. அதனால் அம்மாவின் பையிலிருந்து சாக்கட்டி எடுத்துக் குச்சி முழுக்கப் பூசுவார். தொட்டிக்குள் மெதுவாக இறக்கி, எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடிப்பார். நனைந்த இடம் வரைக்கும் சாக்கட்டிப் பூச்சு கறுத்திருக்கும். அது வெளுப்பதற்குள் கோட்டைப் பார்த்துவிடுவார்.

பள்ளி விட்டு நாங்கள் வந்து இறங்குவதற்கும் அவர் குச்சியோடு வெளியே வருவதற்கும் சரியாக இருக்கும். வலிப்பு மாத்திரை அவரை மந்தமாக்கியிருந்தது. பகலெல்லாம் தூங்கி வழிவார். ஈறு வீங்கி, பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் அந்த நேரத்துக்கு மட்டும் முகம் கழுவி, தலை சீவி, லோரிக்குப் போகும் நாட்களில் போட்ட காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இனி ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் குடும்பத்தின் மூத்த பெண் அவள். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷக் கடைசியில் அரசாங்கச் சோதனை எழுத வேண்டும். அவளுடைய இடைநிலைப்பள்ளியும் அம்மாவின் பள்ளிக்கூடம் இருந்த அதே பட்டணத்தில், இரண்டு தெரு தள்ளி இருந்தது. தோட்டத்துச் செம்மண் ரோடு பெரிய சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு சிமெண்டுப் பாலம் உண்டு. அந்த வழியாகப் போகும் முதல் பஸ் பள்ளி மணி அடித்த பிறகுதான் பட்டணத்துக்குப் போய்ச் சேரும். முன்பெல்லாம் அவளுடைய அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான். அவன் வேலை தேடிச் சிங்கப்பூர் போனபிறகு அவளுக்கு வழி இல்லை.

அதனால் அம்மா காலையில் பாலத்தில் நிறுத்தி அவளை ஏற்றிக்கொள்வாள். லயத்திலிருந்து பாலம் வரைக்கும் அவள் இருட்டோடு நடந்து வந்து நிற்பாள். காலில் செம்மண் ஒட்டிவிடும் என்று பள்ளிச் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஜப்பான் செருப்போடு வருவாள். காரில் ஏறித்தான் மாற்றுவாள். அவள் புத்தகப்பையில் ரப்பர்ப் பால் காய்ந்த ஓட்டுப்பால் நாற்றம் லேசாக இருக்கும். நம் லயத்து வீடுகளில் எதற்குத்தான் அந்த நாற்றம் இல்லை? பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா அவசரத்தில் கோணலாகப் போட்ட என் சடையை அவிழ்த்து மறுபடி பின்னுவாள். பின்னிக்கொண்டே மலாய்ப் பாடத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். அம்மா முன்னாலிருந்து திருத்துவாள். அந்தக் கொஞ்ச நேரம் கார் ஒரு வகுப்பறையாக இருக்கும். ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அம்மாவுக்கும் அதே ஆசை இருந்தது, அவளுக்காக.

எண்ணெய்க் கணக்கு முதல் வாரத்திலிருந்தே அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. புதுக்கை, கியர் சரியாகப் போடத் தெரியாது என்று முதலில் விட்டார். அப்புறமும் குச்சி அவர் நினைத்த கோட்டில் நிற்கவில்லை. எப்போதும் அதற்குக் கீழேதான். அவரும் அதை மனதிலேயே போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அவருடைய ஓய்வுப் பணமும் அம்மாவின் சம்பளமும்தான் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவருக்குப் பிரச்சினை பணம் அல்ல என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. தனக்குத் தெரிந்த சாலை தன்னிடம் பொய் சொல்கிறது என்பதுதான் அவரால் தாங்க முடியாதது.

ஒரு நாள் சாயங்காலம், குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"பள்ளிக்கூடம் விட்டு எங்க போயிட்டு வாரே?"

"எங்கயும் போவலியே. நேரா வீட்டுக்குத்தான்."

"அப்ப காலையில போறே. அந்தப் புள்ளைய ஏத்த லயம் வரைக்கும் உள்ள போறே. அந்தச் செம்மண் ரோடு எனக்குத் தெரியாதா? ஏறி எறங்குனாலே எண்ணெயக் குடிச்சிரும்."

"நான் உள்ள போறதே இல்லைங்க. அது பாலத்துல வந்து நிக்குது."

"நின்னா எண்ணெய் எங்க போச்சு?"

வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த என்னை அவர் பார்த்தார். நான், அக்கா பாலத்தில்தான் நிற்பாள், நாங்கள் உள்ளே போனதே இல்லை என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, மெதுவாக, "புள்ளையையும் சொல்ல வெச்சிட்டியா?" என்றார்.

அம்மா அடுப்படிக்குப் போய் அரிசி களையத் தொடங்கினாள். வெளியிலிருந்தே அப்பா சொன்னார், நாளையிலிருந்து அந்தப் பெண்ணை ஏற்ற வேண்டாம் என்று. அரிசி களைந்த தண்ணீரை அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் ஊற்றினாள்.

மறுநாள் பாலத்தில் அம்மா காரை நிறுத்தி, இறங்கிப்போய் அக்காவிடம் பேசினாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நாளைக்கு பஸ்ஸில் வரும்படி சொல்லியிருக்கிறாள். காரணம் என்ன சொன்னாள் என்று தெரியாது. அக்கா தலையை ஆட்டினாள். அம்மா திரும்பி வந்து, அவளை ஏற்றாமலேயே வண்டியை எடுத்தாள்.

அதற்கடுத்த வாரங்களில் நாங்கள் பாலத்தைக் கடக்கும்போது அவள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பாள். எங்கள் கார் சத்தம் அவளுக்குத் தெரியும். கார் கிட்டே வரும்போது அவள் திரும்பி, பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடைத் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். கோபத்தில் முகத்தைத் திருப்புகிறாள் என்று அப்போது நான் நினைத்தேன். அம்மாவுக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தாள் என்பது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துப் புரிந்தது. அம்மா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவாள். என் சடை கோணலாகவே பள்ளிக்கூடம் போகும்.

தினமும் தாமதமாக வந்தவளைப் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். பெயர் எழுதினார்கள். பெற்றோரை வரச் சொன்னார்கள். ரப்பர்ப் பால் வெட்டும் நேரத்தில் எந்தப் பெற்றோர் வர முடியும்? ஒரு நாள் பாலம் வெறுமையாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதன்பிறகு அவள் அங்கே நிற்கவே இல்லை.

எண்ணெய் மட்டும் குறைந்தபடியே குறைந்தது. அக்காவை ஏற்றாவிட்டாலும் குச்சி அதே இடத்தில்தான் நின்றது. அத்தோடு அப்பா தன் சந்தேகத்தை விட்டிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். மனுஷர் அப்படி இல்லையே. ஒரு தடவை பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. அதனால் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். லகாட்டில் இருந்த சின்னம்மா குடும்பத்தோடு அப்பாவுக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. அங்கே போய்வருகிறாளா என்று கேட்டார். எண்ணெய் ஸ்டேஷன்காரன் அளவில் ஏமாற்றுகிறானா என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று மட்டும் சொல்வாள். நாளாக நாளாக அந்த இல்லையும் தேய்ந்து, வெறும் தலையசைப்பாக ஆகிவிட்டது.

அப்பா ஒரு தடவை அந்தக் காரில் உட்கார்ந்து வந்திருந்தால் போதும். ஆனால் அவர் உட்காரவில்லை. கிளினிக்குக்குக் கூட பஸ்ஸில்தான் போவார். பெண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அம்மாவும் வா என்று கூப்பிடவில்லை. அவளுக்கும் ஒரு கூச்சம் இருந்தது; அதைப் பிறகு சொல்கிறேன்.

தெலுக் இந்தானில் இருந்த பெரியப்பா இறந்துவிட்டதாக ஒரு காலையில் செய்தி வந்தது. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கே அடக்கம். பஸ் பிடித்து, மாறி, போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார். காரைப் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வாடகைக் காரில் போகிறவர் மாதிரி. என்னை முன்னால் உட்காரச் சொன்னார்.

அம்மா அன்றுதான் முதல் தடவையாக அவர் முன்னால் ஓட்டுகிறாள். பத்து காஜா ஊரைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வெயிலில் மின்னின. அப்பா ஜன்னலை இறக்கினார். முன்னால் குனிந்து காது கொடுத்தார். ஒரு சின்ன மேட்டில் கார் முனகிக்கொண்டு, கருகல் நாற்றத்தோடு ஏறியது. மேடு முடிந்து இறக்கம் வந்தும் அது தானாக உருளவில்லை; அம்மா எண்ணெய்க் கட்டையை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த நாத்தம் எப்பவும் வருமா?" அப்பா கேட்டார்.

"கொஞ்ச தூரம் ஓட்டுனா வரும்."

"எறக்கத்துலயும் இப்பிடித்தான் மிதிப்பியா?"

"மிதிக்கலன்னா நின்னுருதுங்க." அம்மா கண்ணாடியில் அவரைப் பார்க்காமலேயே சொன்னாள். "எனக்குத்தான் ஓட்ட வரலன்னு நெனச்சேன்."

அதுதான் அம்மாவின் கூச்சம். ஓட்டப் பழக்கிக் கொடுத்த டிரைவிங் ஸ்கூல்காரருடைய கார் லேசாக ஓடியது. தன் கைக்கு வந்ததும் வண்டி கனக்கிறது என்றால் குற்றம் தன் கையில்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதைப் போய் லோரி ஓட்டிய மனுஷரிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை மாதமும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா காரை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கிப் பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, கையைக் கிட்டே கொண்டுபோனார், தொடவில்லை. எச்சில் தொட்டுத் தெறித்தார். சுர்ரென்றது. பிறகு டிக்கியிலிருந்து ஸ்பேனர் சாவிகளை எடுத்து, துக்க வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்குக் கீழே படுத்து நுழைந்தார். ஹேண்ட்பிரேக் கம்பி துருவேறிப் பிடித்திருந்தது. பிடியை இறக்கினாலும் கீழே பிரேக் விடவில்லை. அத்தனை நாளும் அம்மா பிரேக் பிடித்த வண்டியை இழுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். பிடித்திருந்த அந்தக் கம்பியைத் தினமும் மேலே வரை இழுத்துவிட்டது யார் என்பது வண்டிக்குக் கீழே படுத்திருந்தவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் வெளியே வந்தபோது சட்டையெல்லாம் கரி. "கழட்டி விட்டுட்டேன். இப்போதைக்கு ஹேண்ட்பிரேக் இல்ல. நிறுத்துனா கல்லு வை," என்றார். இந்தத் தடவை முன் கதவைத் திறந்து என்னைப் பின்னால் போகச் சொன்னார்.

கார் ஓடியது. அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அம்மாவே பயந்துபோய் இரண்டு தடவை பிரேக்கை மிதித்தாள். அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே வரும் சாலையைப் பார்த்தபடி வந்தார். துக்க வீட்டில் அவர் அழுத அழுகையைப் பார்த்து, அண்ணன்மேல் இவ்வளவு பாசமா என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு மன்னிப்பு மாதிரி எதுவும் அவர் சொல்லவில்லை. குச்சி அந்த வாரம் அவர் எதிர்பார்த்த கோட்டிலேயே நின்றது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மாவிடம், "கிளம்பு. லயத்துக்குப் போயி அந்தப் புள்ளையக் கூப்பிட்டுட்டு வந்துருவோம்," என்றார். நாளைக் காலையிலிருந்து மறுபடி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நானும் நம்பினேன். சடை பின்ன ரிப்பன்கூட எடுத்து வைத்தேன்.

அந்தச் செம்மண் ரோட்டில் அன்றுதான் எங்கள் கார் முதல் தடவையாகப் போயிற்று. அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. மழை அரித்த பள்ளங்களில் சக்கரத்தடம் எதுவும் இல்லை.

அக்காவின் அம்மா எங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மைலோ கலந்து கொடுத்தார். அப்பாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தாங்களே வந்து கேட்கலாம் என்று இருந்ததாகவும், சுகமில்லாத மனுஷரை ஏன் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். உள்கொடியில் அக்காவின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தொங்கியது. கையும் இடுப்பும் பிடித்துத் தைத்து, தங்கச்சியின் அளவுக்குச் சின்னதாகியிருந்தது.

அக்கா பின்புறம் குளித்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். விரல் நுனியெல்லாம் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்திருந்தது. அது சோப்புக்குப் போகாது என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பா எழுந்து நின்றார். அவளைவிட அத்தனை வயது மூத்தவர், அவளுக்கு முன்னால் எழுந்து நின்றார்.

"வண்டியிலதான் கோளாறு இருந்திச்சு மா," என்றார். "நான் வேற மாதிரி நெனச்சிட்டேன். நாளைக்கு டீச்சர் வருவாங்க. லயத்துக்கே வந்து ஏத்திக்குவாங்க."

அக்கா தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள், "இல்ல மாமா. பெரட்டுல பேரு குடுத்தாச்சு."

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்தான் பெரட்டு. அங்கே பெயர் கொடுப்பது என்றால் முழு ஆளாக வேலைக்குச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"பேரை எடுத்துரலாம். நான் கங்காணிகிட்ட பேசுறேன். எனக்குத் தெரிஞ்சவருதான்."

"அவருகிட்ட கெஞ்சித்தான் மாமா பால் வெட்ட மர நெரை வாங்குனோம். இப்ப வேணாம்னா அப்புறம் எங்க வீட்டுக்கு யாருக்கும் குடுக்க மாட்டாங்க." பிறகு அம்மாவைப் பார்த்து, "எனக்குக் கோவமெல்லாம் இல்ல டீச்சர். பள்ளிக்கூடத்துலயும் பேரை வெட்டிட்டாங்க லா," என்றாள்.

அம்மா பள்ளிக்கூடத்தில் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னாள். தனியாக எழுதும் சோதனையைப் பற்றிச் சொன்னாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பாலத்தில் ஆட்டிய அதே மாதிரி, மரியாதைக்கு. மைலோ ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. அக்கா என் தலையை ஒரு தடவை தடவி, ரிப்பனைச் சரி செய்துவிட்டாள்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தோட்டம் விற்கப்படும் வரை பால் வெட்டினாள். கல்யாணமாகி ஹுத்தான் மெலிந்தாங் போனாள். தங்கச்சி படித்து நர்ஸானாள். அம்மாவின் சாவுக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அக்காவுக்கு அப்போது மூக்குக் கண்ணாடி. என்னைவிடத் தெம்பாக இருந்தாள். பழைய காரைப் பற்றிப் பேச்சு எடுக்கலாமா என்று நினைத்தேன். அவள் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் எடுக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் லயத்திலிருந்து திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. ரப்பர்க் காடு இருண்டு, அங்கங்கே கொட்டைகள் படார் படாரென்று வெடித்து விழுந்துகொண்டிருந்தன. லயம் மறைந்ததும் அம்மா காரை நிறுத்தினாள். கதவைத் திறந்து இறங்கி, மரங்களுக்குள் கொஞ்ச தூரம் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பு வாயில் இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்பா கல் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தார். அம்மாவின் பக்கம் நாலடி போனார், திரும்பினார். காரைச் சுற்றி வந்து டிரைவர் பக்கத்துக் கதவின்மேல் கையை வைத்தார். எத்தனையோ பேரை எத்தனையோ இடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். மறுபடி சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கொசு மொய்த்தது. அவர் விரட்டவில்லை.

அம்மா வந்து உட்கார்ந்தாள். முகம் துடைத்திருந்தாள். சாவியைத் தொட்டாள், ஆனால் திருகவில்லை.

"போலாமா?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்ப முடியுதோ அப்ப போலாம்," என்றார் அப்பா. "நான் ஒக்காந்திருக்கேன்."

அம்மா சாவியைத் திருக வெகுநேரமாயிற்று. நான் பின் சீட்டில், பஞ்சு பிதுங்கிய ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு, இரண்டு பேருடைய பின்னந்தலைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.